எட்டு வரட்டும்

“இன்னாமா, இன்னிக்கி ரேட்டு எவ்ளோ?” என்று முனிரத்தினம் கேட்டபோது ஜான்சி இன்னும் வார்டுக்குள் முழுதாக நுழைந்திருக்கவில்லை. ஒரு கால் வாசலுக்கு வெளியேதான் இருந்தது. கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கோட்டுப் பையில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர். இயன்முறை சிகிச்சையாளர் என்று அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னாலும், தாம்பரத்தின் அந்தத் தனியார் மருத்துவமனையில் இரண்டாம் மாடி முழுக்க அவளுக்கு ‘நடக்க வெக்கிற மேடம்’ என்றுதான் பெயர். முனிரத்தினம் ரேட்டு என்று கேட்டது அவருடைய ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவை. கோவிலம்பாக்கத்தில் பல காலமாக மனை வாங்கி விற்றுக் கொடுப்பவர். ஏறி இறங்குகிற எந்த எண்ணும் அவருக்கு ரேட்டுதான்.

“ஏழு புள்ளி ஒண்ணு சார்.”

“நேத்து ஆறு புள்ளி ஒம்போது. ஏறுமுகமா தானே கீது? அப்பறம் இன்னாத்துக்கு யோசிக்கிற? இன்னிக்கே நடந்துட்றேன்.”

“எட்டு வரட்டும் சார்.”

“எட்டுன்றது உன் ரேட்டு. ஏழுன்றது என் ரேட்டு. ரெண்டு பேரும் இப்டியே நின்னுகினு இருந்தா பார்ட்டி ஓடிப்பூடும். நடுவுல வாம்மா.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். ஜான்சிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவள் அதை வெளியே விடவில்லை. சிரித்தால் பாதி விலை படிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் ஆள் அவர். மேசையின் மேல் பீட்ரூட் ஜூஸ் ஒரு பாட்டில், மாதுளம் பழம், பேரீச்சம்பழப் பொட்டலம், ஒரு தூக்கில் முருங்கைக்கீரை சூப் என்று வரிசையாக இருந்தன. ரத்தம் ஊறட்டும் என்று மகன் ஹரிபிரசாத் கொண்டுவந்து அடுக்கியவை. நேற்று ரத்தம் எடுக்க வந்த பெண்ணிடம், “ரேட்ட கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடு தாயி” என்று இவர் கேட்டதாகவும், அந்தப் பெண் அரண்டுபோய் மேலிடத்தில் சொல்லிவிட்டதாகவும் நர்ஸ் காந்திமதி சொன்னாள்.

போன சனிக்கிழமை காலை கணவனும் மனைவியுமாகத் திருநீர்மலைக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர்கள். ரேடியல் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி கங்கையம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அன்றே அறுவை சிகிச்சை. இவருக்கு விலா எலும்புகள் உடைந்து, நெஞ்சுக்குள் ரத்தம் கட்டி, குழாய் போட்டு எடுத்து, இரண்டு நாள் செயற்கை மூச்சில் வைத்திருந்தார்கள். மூச்சுக் குழாயைப் பிடித்து வைக்கும் பிளாஸ்திரி மீசைமேல் ஒட்டமாட்டேன் என்றதால் யாரோ ஒருவர் அந்த மீசையை மழித்துவிட்டார். குழாயை எடுத்த பிறகு குரல் கரகரவென்று வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. ஆள் பிழைத்ததே பெரிது என்று எல்லாரும் இருந்ததால், மீசை போனதையும் குரல் போனதையும் அப்போது யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் வினையாக வந்து முடிந்தது.

நோயாளிகள் பொய் சொல்வார்கள் என்பது ஜான்சியின் தீர்மானமான கட்சி. கெட்ட எண்ணத்தில் அல்ல. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே சுருண்டு விழுகிறவர்களும் உண்டு, ‘முடியல’ என்று முனகிக்கொண்டே கான்டீன் வரை போய் வடை தின்றுவிட்டு வருகிறவர்களும் உண்டு. எண்கள் அப்படி இல்லை. அதனால் காலையில் வந்ததும் அவள் முதலில் கம்ப்யூட்டரில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்ப்பாள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் உடம்புக்குப் போகும் பிராணவாயு குறையும். அப்போது எழுப்பி நடக்கவிட்டால் இதயம் இரட்டை வேலை பார்க்கும். ஏழுக்குக் கீழே இருந்தால் படுத்தே இருக்க வேண்டும், எட்டுக்கு மேலே போனால் நடக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஆளின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றுதான் அவள் படித்த பாடமும் சொன்னது. ஆனால் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது அவளுக்கு அறவே பிடிக்காது. வீட்டில் கணவன் டேனியல் இரண்டு முறை தும்மினால்கூட ஆக்சிமீட்டரை எடுத்து அவன் விரலில் மாட்டிவிட்டுத்தான் ‘என்னாச்சு’ என்று கேட்பாள்.

மற்ற நாளாக இருந்தால் எட்டு வரும்வரை காத்திருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் நடைபாதையின் மறுகோடியில், பெண்கள் வார்டில், கங்கையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தன் புருஷன் செத்துப்போய்விட்டார், எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகம் இல்லை. சோறு தண்ணீர் இறங்கவில்லை. எழுந்து நிற்கச் சொன்னால் காது கேட்காதவள்போல் கிடந்தாள்.

“மேடம், நேத்துலேர்ந்து அத்தை ஒரு வாய் கூட சாப்பிடல” என்று வாசலிலேயே மருமகள் ஜெயஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியாமா?” என்றாள் கங்கையம்மாள் சுவரிடம். “கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து என்னை ‘இந்தாங்க’ன்னு கூப்ட்டவ. இப்போ வாய்க்கு வாய் அத்தேன்றா. கால் புடிச்சி வுட்றா. எதுக்கு? சும்மாவா?”

“உங்களுக்கு அடிபட்டிருக்குன்ற பாசம்மா அது.”

“எனக்கு அடிபட்டா அவளுக்கு இன்னா? அவரு பூட்டாரு. அதான் பாவம் பாக்குறா.”

ஜான்சி என்ன சொன்னாலும் அவளிடம் எடுபடாததற்குக் காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் கங்கையம்மாளின் அண்ணனும் அண்ணியும் ஒரு விபத்தில் மாட்டிக்கொண்டார்கள். அண்ணன் அங்கேயே போய்விட்டார். அண்ணி உடம்பு தேறும்வரை சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்து, அந்தப் பொறுப்பைக் கங்கையம்மாளிடம் கொடுத்தார்கள். அவளும் ஒரு குறையும் வைக்கவில்லை. ‘பக்கத்து வார்டுலதான் கீறாரு, ரத்தம் ஏறிகினு கீது, ரெண்டு நாள்ல எழுந்து வருவாரு’ என்று தினமும் சிரித்த முகமாகச் சொல்லி, அண்ணனுக்குப் பத்தாம் நாள் காரியம் நடந்த அன்றைக்கும் அதையே சொல்லி, அண்ணியைத் தேற்றி வீட்டுக்கு அழைத்துவந்தவள். அந்தக் குடும்பத்தில் இப்படி மறைப்பதற்கு ஒரு முறையே இருந்தது. இப்போது டாக்டரிலிருந்து ஆயா வரைக்கும் அதே வாசகத்தை, அதே வரிசையில், அவளிடமே வந்து சொன்னார்கள். ரத்தம் ஏறுகிறது, ரெண்டு நாளில் நடந்து வருவார். உண்மை இந்த அளவுக்குப் பொய்யின் அச்சாக இருந்தால் பாவம் அவள்தான் என்ன செய்வாள்?

போதாததற்கு ஜெயவேலு வேறு வந்துபோய்க்கொண்டிருந்தார். முனிரத்தினத்தின் தம்பி. ஒரே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. பாகம் பிரித்தபோது பொது வழி யாருக்கு என்று தகராறு முற்றி, அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. விபத்துச் செய்தி கேட்டதும் ஓடிவந்தவர், தினமும் ஒரு பிளாஸ்க்கில் பால் கொண்டுவந்து கங்கையம்மாளுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் கண்ணில் படாமல் லிப்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தம்பி வந்திருக்கிறார் என்று ஒருமுறை ஹரிபிரசாத் மெதுவாகச் சொல்லிப் பார்த்ததில் முனிரத்தினத்தின் ரத்த அழுத்தம் நூற்று எழுபதைத் தொட்டது. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஜான்சி தடை போட்டுவிட்டாள்.

“அவரு உசுரோட இருந்தா இவன் இந்த வாசப்படி மிதிப்பானா?” என்பது கங்கையம்மாளின் கேள்வி.

போனில் பேசவைத்தார்கள். ‘கொரலு அவருது இல்ல’ என்றாள். வீடியோவில் முகத்தைக் காட்டினார்கள். மீசையில்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எதுக்கு ஜெயவேலு இந்த வேலை? உனக்கும் வயசாவுது” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. இரண்டு பேரையும் பிரித்துக் காட்டியது அந்த மீசை ஒன்றுதான். அது இல்லாத முகம் அவளைப் பொறுத்தவரை ஜெயவேலுவின் முகம்.

“உசுரோட இருந்தா அவரு கால்ல அவரு நடந்து வரட்டும். கண்ணால பாக்குறேன். அப்பறம் நீ நில்லுன்னா நிக்கிறேன், ஓடுன்னா ஓட்றேன்.”

சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போகலாம் என்று முனிரத்தினத்திடம் சொன்னதற்கு அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “வண்டில வெச்சித் தள்ளிகினு போனா பொணத்துக்கு சட்ட மாட்டி இட்டாந்துட்டாங்கன்னுவா. உனக்கு அவளப் பத்தித் தெரியாது. நடந்துதான் போவணும்.” ஆக, அவர் நடக்க எட்டு வேண்டும். அவர் நடக்கும்வரை அவள் சாப்பிடமாட்டாள்.

எலும்பு டாக்டர் சுகுமார் மாலை ரவுண்ட்ஸில் ஜான்சியை ஓரமாகக் கூப்பிட்டார். கங்கையம்மாளின் பொட்டாசியம் இரண்டு புள்ளி எட்டுக்கு இறங்கிவிட்டது. போட்ட டிரிப்ஸை இரண்டு தடவை பிடுங்கிப் போட்டிருந்தாள். பொட்டாசியம் இந்த அளவுக்குக் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். இடுப்பு ஆபரேஷன் ஆனவள் இப்படியே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறும், இல்லையென்றால் நுரையீரலில் சளி கட்டும். “நாளைக்கும் இப்படியே இருந்தா ஐசியூவுக்கு மாத்தி மூக்குல டியூப் போட வேண்டியதுதான். அந்த அம்மா அதையும் புடுங்குவாங்க” என்றார். “அவரை நீங்க நடக்க வெக்க முடியுமா?”

“எட்டு வரல சார்.”

“உங்க கையிலதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். டாக்டர்கள் சொல்வதிலேயே ஜான்சிக்குப் பிடிக்காத வாக்கியம் அது.

அன்று சிட்லபாக்கம் வீட்டில் அவள் சாப்பிடும்போதே எழுந்து இரண்டு தடவை போனில் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று பார்த்தாள். எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு பொம்பளை செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது தட்டை ஒதுக்கி வைத்தாள். பீட்ரூட்டையும் பேரீச்சையையும் மனசுக்குள் கிண்டல் செய்திருந்தவள், அவை ஒருநாளிலாவது வேலை செய்யாதா என்று ஏங்கினாள்.

காலையில் வந்த எண் ஏழு புள்ளி நாலு.

“படிஞ்சிடுச்சா?” என்றார் முனிரத்தினம். ஜான்சி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். படுத்த நிலையில் ரத்த அழுத்தம், நாடி, பிராணவாயு. எல்லாம் சரி. எழுப்பிக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துப் பார்த்தாள். சரி. நிற்கவைத்தாள். நூற்று இருபத்தாறில் இருந்த ரத்த அழுத்தம் நூற்று இரண்டுக்கு விழுந்தது. இருபதுக்கு மேல் இறங்கினால் உட்காரவைக்க வேண்டும். உட்காரவைத்தாள்.

“எறங்கிடுச்சா? மார்க்கெட்டு கொஞ்சம் டல்லு. பொறுத்தா ஏறும்.”

கணுக்கால்களை மேலும் கீழுமாக அசைக்கச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் அசைத்தார். அவருடைய வாய் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தாலும் கைகள் மெத்தையை இறுகப் பிடித்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். மறுபடி நிற்கவைத்தபோது நூற்றுப் பதினாலில் நின்றது. தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் நம்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நோயாளியின் முகத்தை ஜான்சி அவ்வளவு நேரம் பார்த்தாள். உதடு வெளுக்கவில்லை, நெற்றி வேர்க்கவில்லை. கண்கள் மட்டும் பயந்திருந்தன. அதற்கு எந்த அட்டவணையிலும் அளவு போடவில்லை.

“போலாம் சார். நான் உட்காருன்னா உட்காரணும். பேரம் கிடையாது.”

“கெடையாது.”

ஆஸ்பத்திரிப் பச்சைப் பேன்ட்டின் மேலேயே வேட்டியைக் கட்டிக்கொண்டார். அவருடைய விரலில் ஆக்சிமீட்டர், ஒரு பக்கம் ஜான்சி, பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு காந்திமதி. லிப்ட் பக்கத்தில் இருந்த ஜெயவேலுவைத் தூண் மறைவுக்குத் தள்ளி உட்காரச் சொல்லி ஜான்சி முன்னமே ஆள் அனுப்பியிருந்தாள். நடைபாதையில் பாதி போனதும் நாடி நூற்று இருபத்து எட்டு. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். நாடி இறங்கியதும் எழுந்தார். யாருக்கும் எதற்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னதையெல்லாம் செய்தார். பெண்கள் வார்டு வாசலில் ஜான்சியின் கையை விலக்கிவிட்டு, வேட்டியைச் சரிசெய்து, தன் காலில் தானே நடந்து உள்ளே போனார்.

கங்கையம்மாள் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

“வா ஜெயவேலு” என்றாள். “ஒக்காரு.”

ஜெயஸ்ரீ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முனிரத்தினம் கட்டிலின் கம்பியைப் பிடித்தார். “ஏய், நான்டி!”

“கொரலு கூட இன்னும் சரியா வர்ல உனக்கு. அவரு வேட்டியையும் எடுத்துக் கட்டிகினியா? பரவால்ல, வுடு.” அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. “இவ்ளோ பாசம் உள்ள வெச்சிகினா ஆறு வருசம் மூஞ்சத் திருப்பிகினு போன? அவரு மட்டும் இன்னா, தெனம் மாடில ஏறி நின்னுகினு உன் வூட்டு லைட்டு எரியுதான்னு பாப்பாரு. கேட்டா, காத்து வாங்கறேன்னுவாரு. போன மழைல நீ காச்சல்ல கெடந்தப்போ அவருக்கு ராத்திரி சோறு எறங்கல. உன்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லலாம்னு நானும் எத்தினி தபா நெனச்சேன். திட்டுவாரேன்னு பயந்துகினே இருந்துட்டேன். இப்போ யாரு கீறா திட்ட?”

முனிரத்தினம் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை. தன்னைப் பற்றிய அந்தச் சேதியை, தன் முகத்துக்கு நேராக, வேறொருவரிடம் சொல்வதுபோல அவள் சொல்லிக்கொண்டே போக, ஆக்சிமீட்டரில் நாடி நூற்று முப்பத்தாறு. “சார், உட்காருங்க” என்றாள் ஜான்சி. நாற்காலி வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நாற்காலியோடு காந்திமதி சிக்கிக்கொண்டிருந்தாள், ஏனென்றால் அவளுக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு பிளாஸ்க்கும் கையுமாக ஜெயவேலு நின்றுகொண்டிருந்தார். தூண் மறைவில் உட்காரச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிருந்தது. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டதுபோலத்தான் இருந்தது.

கங்கையம்மாள் வாசலைப் பார்த்தாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். மழித்த முகங்கள் இரண்டு. நூற்று நாற்பத்து ஒன்று என்று காட்டியது ஆக்சிமீட்டர். இதற்கு மேல் ஒரு நொடியும் நிற்கவிடக் கூடாது என்று ஜான்சி முனிரத்தினத்தைத் தோளைப் பிடித்து, பக்கத்தில் இருந்த ஒரே இடமான கங்கையம்மாளின் கட்டில் ஓரத்திலேயே உட்காரவைத்தாள். அவர் உட்கார்ந்ததும் கங்கையம்மாள் கையை ஊன்றி எழ முயன்றாள். ஜான்சி ஓடிப்போய் ஆபரேஷன் ஆன காலைத் தாங்கி, முதுகைப் பிடித்து, மெல்லத் திருப்பி உட்காரவைத்தாள். “உக்கார மட்டும்தான்மா. பொட்டாசியம் கம்மியா இருக்கு. நிக்கக் கூடாது.”

அவள் காதில் எதுவும் விழவில்லை. புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கழுத்துக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். மச்சமோ, தழும்போ, ஜான்சிக்குத் தெரியவில்லை. பார்த்துவிட்டுக் காலரை விட்டாள். அப்புறம் அந்தக் கையாலேயே அவர் முதுகில் ஓர் அறை வைத்தாள். உடைந்த விலா அந்தப் பக்கம் இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

“இன்னாடி பாத்துகினு நிக்கிற?” என்றாள் ஜெயஸ்ரீயிடம். “இட்லிக்கு இன்னா சட்னி?”

“தேங்கா, அத்தை.”

“தக்காளி அரைக்கக் கை நோவுதா உனக்கு?”

ஜெயஸ்ரீ விம்மலும் சிரிப்புமாக டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஜெயவேலு எப்போதோ உள்ளே வந்திருந்தார். நிற்க முடியாதவர்போல அவரும் கட்டிலின் கடைசியில், அண்ணிக்கு அந்தப் பக்கமாக, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் தம்பியும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் கங்கையம்மாள் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்போல மூன்று பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஜான்சி முனிரத்தினத்தின் விரலைப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டுக்கு இறங்கியிருந்தது. ஆக்சிமீட்டரைக் கழற்றி, இட்லி இல்லாத கையாகப் பார்த்துக் கங்கையம்மாளின் விரலில் மாட்டினாள். நாடி தொண்ணூற்றெட்டு. சீராக இருந்தது. குறித்துக்கொண்டு கழற்றும்போது, யாரும் கேட்காமலேயே, இன்னொரு விரல் அவள் முன்னால் நீண்டது. ஜெயவேலு அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியேதான் விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஜான்சி அதையும் மாட்டினாள். மூன்று பேரிலும் அவருக்குத்தான் நாடி அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது.